பால்மரமும் உயிரியல் பாடமும்

கெமாஸ் வட்டாரத் தோட்டப் பிள்ளைகள் பலர் ஆறாம் ஆண்டுவரை தமிழ்ப்பள்ளியில் பயின்றோர். உயிரியலையோ நான்காம், ஐந்தாம் படிவங்களில் மலாயில் கற்கின்றனர். அங்கே 'கம்பியம்' என்னும் சொல் அவர்களை மருட்டுகிறது. மரப்பட்டைக்கும் கட்டைக்கும் இடையே புதுத் திசுக்களை ஆக்கும் மெல்லடுக்கே அது. பால்வெட்டிய பாட்டன் பாட்டியர் அதனை நன்கறிவர்: கத்தி அதுவரை ஆழ்ந்தால் மறுபட்டை முண்டும் முடிச்சுமாய் வளரும். விடியுமுன் வெட்டியதும் உயிரியலே. அவ்வேளையில் பால்நாளங்களில் அழுத்தம் மிகுதி, பால் நிறைய வடியும். நாமோ கலைச்சொல் வேண்டி அகராதிகளைப் புரட்டினோம், அவர்களைக் கேட்டோமில்லை. ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகிவிட்டன. வெட்டியோரும் முதுமை எய்தினர். அவர்தம் சொற்களைப் பேரப்பிள்ளைகளின் பாடநூலோரம் எழுதுவிக்கும் பணியை வரும் பள்ளி விடுமுறையிலேயே தொடங்குவோம்.