யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள்?

பட்டம் பெறும் பிள்ளைகளே, இன்றைக்கு ஷூ கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்கு என் முதல் வாழ்த்து. நீங்கள் தைத்த அப்பரிலும் ஒட்டிய சோலிலும் வந்த சம்பளம்தான் இந்தப் பிள்ளைகளில் பலருக்குக் கல்லூரிக் கட்டணமாக ஆனது.

நான் பேரணாம்பட்டுக்காரன். சென்னையில் தோல் தொழில்நுட்பம் படித்தேன். பயிற்சிக்காகத் தோல் பதனிடும் டேனரிக்குப் போய்விட்டு டவுன் பஸ்ஸில் திரும்புவோம். பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேறு இடத்துக்கு எழுந்து போவார். பதினெட்டு வயதில் அது சுருக்கென்று தைத்தது. எங்களுக்கு அது ஒரு பஸ் பயணத்தோடு போயிற்று. விடுதியில் சோப்புப் போட்டுக் குளித்தால் நாங்கள் மறுபடியும் மாணவர்கள். பச்சைத் தோலைத் தூக்கியவர்களுக்கு அப்படி இல்லை. அவர்களுடைய பிள்ளை கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் தெருப் பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுகிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இருந்த ஒரு டேனரியில் மதியச் சோறு இரண்டு இடத்தில் நடக்கும். பினிஷிங் ஆட்களும் அலுவலகத்து ஆட்களும் வேப்பமரத்தடியில் உட்காருவார்கள். சுண்ணாம்புக் குழியில் நின்று முடியும் சவ்வும் எடுக்கிறவர்கள் மதிலுக்கு அந்தப் பக்கம், சாக்கடை ஓரம். போர்டு எதுவும் கிடையாது. கேட்டால் வாடை என்பார்கள். ஆனால் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தாலும் அவர்கள் அந்தப் பக்கம்தான் போனார்கள். வாடை என்பது சாக்கு, சாதிதான் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அங்கே கணக்கு எழுதும் பெரியவர் ஒருவர் இருந்தார். ஓய்வுபெறும் வயது, அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு மதிலைத் தாண்டிப் போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்துவிட்டார். பருப்பு உருண்டைக் குழம்பைத் திறந்து நடுவில் வைத்து, “உங்க வீட்டுல இன்னிக்கு என்ன?” என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அவராகவே கை நீட்டிப் பக்கத்திலிருந்தவர் தூக்கிலிருந்து கருவாட்டுக் குழம்பை வாங்கிப் பிசைந்து சாப்பிட்டார். அலுவலகத்தில் ஒருவர், “சட்டையெல்லாம் நாறுமே ஐயா” என்றார். “தொவைச்சா போயிடும்” என்று சொல்லிவிட்டுப் பேரேட்டைத் திறந்தார். மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார். அடுத்து ஸ்டோர்ஸ் பையன் போனான், பிறகு நானும் இன்னும் இரண்டு பேரும் போனோம். கடைசிவரை வராதவர்களும் உண்டு. ஆனால் பின்னால் சாப்பாட்டுக்கூடம் கட்டும்போது இரண்டாகக் கட்டச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அன்றிலிருந்து எந்தக் கம்பெனிக்குப் போனாலும் முதலில் சாப்பிடும் இடத்தைத்தான் பார்க்கிறேன். இந்த நாட்டில் தீண்டாமை கடைசியாகப் பதுங்கும் இடம் சோற்றுத் தட்டு. 2011-12-ல் இந்திய மனித வளர்ச்சி ஆய்வுக்காரர்கள் 42,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் போனார்கள். வீட்டில் தீண்டாமை பார்ப்பதுண்டா என்றும், பட்டியல் சாதிக்காரர் சமையலறைக்குள் வந்தாலோ பாத்திரத்தைப் புழங்கினாலோ சங்கடமா என்றும் கேட்டார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 27 குடும்பங்கள் ஆமாம் என்றன. வாய்விட்டு ஒப்புக்கொண்டவர்களே இத்தனை பேர்.

1920-களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்று வெடித்த சண்டை தமிழக அரசியலையே திருப்பிப் போட்டது. 2018 ஜூலையில் அவிநாசிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சமைத்த சத்துணவை எங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று ஊரார் திரண்டார்கள். அதைக் கண்டித்து எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அந்த அம்மா மறுபடியும் அதே அடுப்படிக்கு வர முடிந்தது. அமெரிக்காவில் கிரீன்ஸ்பரோ நகரில் 1960 பிப்ரவரி 1 அன்று, ஒரு கடையில் வெள்ளையருக்கு மட்டும் பரிமாறும் உணவு மேசையில் நான்கு கறுப்பினக் கல்லூரி மாணவர்கள் போய் உட்கார்ந்தார்கள். காபி கிடைக்கவில்லை; ஆனாலும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். ஜூலையில் அந்தக் கடை வழிக்கு வந்தது. அந்த நால்வரும் உங்களைவிட இளையவர்கள்.

நம் ஆம்பூருக்கு வருவோம். 2022 மே மாதம் இங்கே பிரியாணித் திருவிழா நடத்த மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் இது பாகுபாடு என்று விளக்கம் கேட்டது. விழா மழையைச் சொல்லித் தள்ளிப்போனது. எதைச் சாப்பிடுவது என்பது அவரவர் விருப்பம். ஆனால் ஊர் விழாவில் ஒரு சட்டியை வெளியே வைத்தால், அந்தச் சட்டியில் உண்கிறவரையும் வெளியே வைத்ததாகத்தான் அர்த்தம்.

அதற்கும் மூன்று வருடம் முன்பு, 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் ஒரு தலித்தின் உடலைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக நிலத்து வழி கிடைக்காமல், பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா, சாதியும் மதமும் அற்றவர் என்று வட்டாட்சியரிடம் சான்றிதழ் வாங்கினார். இரண்டுமே நம் மண்ணில் நடந்தவை.

உங்களில் பலர் சூப்பர்வைசராகவும் எச்ஆராகவும் போவீர்கள். உங்களுக்குக் கீழே பீகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்தவர்கள் இருப்பார்கள். 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டையில் டேனரிக் கழிவுநீர்த் தொட்டிச் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்களே, அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்துப் பிள்ளைகள். நம்முடைய கழிவில் மூழ்கிச் செத்தார்கள். அவர்களை ‘வடக்கன்’ என்று கூப்பிடாதீர்கள். பெயரைக் கேட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பாதுகாப்புப் பலகையை அவர்கள் மொழியிலும் எழுதி மாட்டச் சொல்லுங்கள். உங்கள் எதிரில் யாராவது சாதியைச் சொல்லிக் கிண்டல் செய்தால் சிரிக்காதீர்கள். “இது வேணாம் சார்” என்று அங்கேயே சொல்லுங்கள். வேலை கேட்டு வருகிறவரிடம் “எந்தத் தெரு?” என்று கேட்காதீர்கள். கக்கூஸ் கழுவும் அம்மா எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று முதல் வாரமே போய்ப் பாருங்கள். அவருக்கு இடம் இல்லையென்றால் உங்கள் மேசையில் கொடுங்கள்.

இன்னும் சில வருடத்தில் சம்பாதித்து மாடியில் ஒரு போர்ஷன் கட்டுவீர்கள். வீடு கேட்டு ஒரு குடும்பம் வரும். அட்வான்ஸ் எவ்வளவு, வாடகை எவ்வளவு, தண்ணீர் எப்போது வரும் என்று பேசுங்கள். “நீங்க என்ன ஆளுங்க?” என்று உள்ளேயிருந்து அப்பா கேட்க வாயெடுத்தால், அவரைப் பேசவிடாமல் சாவியை எடுத்துக்கொண்டு மாடிக்குக் கூட்டிப்போய் வீட்டைக் காட்டுங்கள்.