விளக்கு ஒருவர் தந்தார், நெய் யார் ஊற்றுவது?

தலைப்பு: ஏழை எளியோருக்கான அறப்பணிகள் நிலைத்து நிற்கப் பெரிதும் துணை நிற்பது பெருஞ்செல்வர்களின் கொடையே! சாதாரண மக்களின் சிறு பங்களிப்பே!

(‘சாதாரண மக்களின் சிறு பங்களிப்பே’ என்ற அணியில் பேசியது)

   

எதிரணி நண்பர் ஒரு பெரிய பட்டியல் படிச்சாரு. கர்ணன், பாரி, பச்சையப்ப முதலியார், அழகப்பச் செட்டியார். கேட்கக் கேட்க எனக்கே மெய்சிலிர்த்துப் போச்சு. நடுவர் அவர்களே, அவங்களைக் குறைச்சுப் பேச நான் வரலே. காரைக்குடியிலே 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வரக் காரணமா இருந்த அழகப்பரை யார் குறை சொல்ல முடியும்? கும்பிட வேண்டிய கை அது.

ஆனா தலைப்பு என்ன? ‘தொடங்கி வைப்பது யார்’ என்றா கேட்டீர்கள்? ‘நிலைத்து நிற்பது யாராலே’ என்றல்லவா கேட்டிருக்கிறீர்கள்! கல்யாணத்தைச் சிறப்பா நடத்தி வைக்கிறது வேற. குடும்பம் நடத்துறது வேற. கல்யாணத்துக்கு மொய் எழுத ஆயிரம் பேர் வருவாங்க. மறுமாசம் மளிகைக்கடை பாக்கிக்கு மொய் எழுத ஒருத்தராவது வருவாரா? (சிரிப்பு)

ஊர் ஊராப் போய்ப் பேசுறவன் நான். போற இடத்திலெல்லாம் கல்வெட்டைப் படிக்கிற பழக்கம் உண்டு. ‘இந்தக் கட்டடம் இன்னார் உபயம்’ – பார்த்திருக்கேன். ‘இந்த மின்விசிறி இன்னார் உபயம்’ – அதையும் பார்த்திருக்கேன். அந்த மின்விசிறி சுத்துறதுக்கு மாசா மாசம் கரண்ட் பில் வருதே, ‘இந்தக் கரண்ட் பில் இன்னார் உபயம்’னு ஒரு கல்வெட்டு பார்த்திருக்கீங்களா? (பலத்த கைதட்டல்)

சிரிச்சிட்டீங்க. ஆனா இது சிரிக்கிற விஷயம் இல்லை, நடுவர் அவர்களே. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான ஒரு பள்ளி. ஊர், பேர் வேண்டாம். ஆண்டு விழாவிலே பேசப் போயிருந்தேன். அதை நடத்துகிற அம்மா சொன்னாங்க: “ஐயா, சக்கர நாற்காலி கொடுக்க நாலு பேர் வர்றாங்க, போட்டோ எடுத்துக்கிட்டுப் போறாங்க. அதைத் தள்ளுற ஆயாவுக்குச் சம்பளம் கொடுக்கத்தான் யாரும் இல்லை.” அங்கே குழந்தைகளுக்குக் கை கால் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண் இருந்தாங்க. அவங்க சம்பளத்தை ஒரு பெரிய இடம் ஏத்துக்கிட்டிருந்தது. திடீர்னு ஒரு வருஷம், ‘இனிமே நாங்க வேற பணிக்குக் கொடுக்கப் போறோம்’னு ஒரு கடிதம். அவ்வளவுதான். சம்பளம் நின்னது, அந்தப் பெண்ணும் வேற வேலைக்குப் போயிட்டாங்க. பயிற்சி நின்னா என்ன ஆகும் தெரியுமா? கஷ்டப்பட்டு நீட்ட வச்ச கால் மறுபடியும் மடங்கிப் போகும். பணம் நின்னா கட்டடத்துக்கு வெள்ளை அடிக்கிறது தள்ளிப் போகலாம். குழந்தையோட கால் காத்துக்கிட்டு இருக்காது ஐயா!

பிறகு எப்படித் தப்பிச்சது அந்தப் பள்ளி? பக்கத்துத் தெருக் கடைக்காரர், ஆட்டோ ஓட்டுறவர், ஓய்வு பெற்ற வாத்தியார்னு 200 பேர், ஆளுக்கு மாசம் 100 ரூபாய். கணக்குப் போடுங்க: 20,000 ரூபாய். பயிற்சி மறுபடி தொடங்கிச்சு. எதிரணியிலே பேசிய சகோதரி சொன்னாங்க: “நூறு நூறா வசூல் பண்றது சிரமம், ஒருத்தர் காசோலை கொடுத்தா ஒரே நாள் வேலை” என்று. உண்மைதான் சகோதரி. ஆனா 200 பேரிலே பத்துப் பேர் நின்னுட்டா மீதி 190 பேர் இருக்காங்க. ஒரே ஒருத்தர் கொடுக்கிற இடத்திலே அந்த ஒருத்தர் நின்னுட்டா மீதி எவ்வளவு? சைபர்!

இதை நம்ம முன்னோர்கள் நல்லா உணர்ந்திருந்தாங்க. சோழர் காலக் கல்வெட்டைப் பாருங்கள். கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு வைக்கிறான். விளக்கை மட்டும் கொடுத்துட்டுப் போகலே. அதோட 96 ஆடு கொடுக்கிறான். அந்த ஆட்டை வாங்கிக்கிட்ட இடையர், தினம் ஓர் உழக்கு நெய் அளக்கணும். கிழடு கழிஞ்சாலும் குட்டி பெருகி, மந்தையின் எண்ணிக்கை குறையாது. அதனாலே அதுக்கு என்ன பேர் வச்சான்? ‘சாவா மூவாப் பேராடு’! சாகாத, மூப்படையாத ஆடு! என்ன பேர் பாருங்கள்!

உடனே எதிரணியிலே துள்ளுவாங்க, ‘ஆடு கொடுத்தது ராஜாவும் பணக்காரனும்தானே’ என்று. சரிதான் ஐயா. ராஜா ஒரு நாள் கொடுத்தான். அந்த ராஜாவே போன பிறகும், அவன் மகன் போன பிறகும், மழையிலும் வெயிலிலும் ஆடு மேய்ச்சு, தினம் தினம் உழக்கு நெய் அளந்தது யாரு? பேர் பொறிச்சது ராஜாவுக்கு. விளக்கு எரிஞ்சது இடையராலே! (கைதட்டல்)

பச்சையப்பரைச் சொன்னீங்க. நல்ல மனுஷர், தர்மத்துக்குன்னு உயில் எழுதி வச்சாரு. 1794-இல் காலமானாரு. அவர் பேரிலே பள்ளிக்கூடம் எப்ப வந்தது? 1842-இல்! நடுவிலே எத்தனை வருஷம்? நாற்பத்தெட்டு! பணம் இருந்தது. ஆனா வழக்கு, வில்லங்கம், நீதிமன்றம்னு அலைஞ்சது. பணத்துக்குக் காலே கிடையாது, நடுவர் அவர்களே. தூக்கிக்கிட்டு நடக்க மனுஷங்க வேணும்.

அமெரிக்காவிலே ஆண்ட்ரூ கார்னகி. இரும்புத் தொழிலிலே கோடி கோடியாச் சம்பாதிச்சு, உலகம் முழுக்க 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்களுக்குப் பணம் கொடுத்தவர். ‘ஆகா, எங்க ஆளு’னு எதிரணி கைதட்டக் கூடாது! அவர் போட்ட நிபந்தனையைக் கேளுங்க. கட்டடத்துக்கு நான் தர்றேன். நிலம் ஊர் தரணும். அதோடு, நான் கொடுக்கிற தொகையிலே பத்திலே ஒரு பங்கை வருஷா வருஷம் ஊரே நூலகத்துக்கு ஒதுக்கணும். பத்தாயிரம் டாலர் வாங்கினா, வருஷம் ஆயிரம் டாலர் ஊர்ப் பணம். அந்த ஊர்ப் பணம் எங்கிருந்து வரும்? சாதாரண ஜனங்க கட்டுற வரியிலேதானே! உலகத்திலேயே பெரிய கொடையாளிக்கே தெரிஞ்சிருக்கு, தன் பணம் மட்டும் போதாது என்று. எதிரணிக்குத்தான் இன்னும் தெரியலே! (சிரிப்பு)

இன்னைக்கு நம்ம நாட்டிலே என்ன நிலைமை? 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேலே லாபம் பார்க்கிற கம்பெனிகள், லாபத்திலே 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்கணும். 2014 முதல் நடைமுறை. நல்ல சட்டம், வரவேற்கிறோம். ஆனா லாபத்திலே பங்குதானே? லாபம் குறைஞ்சா அதுவும் குறையும். வெளிநாட்டு நன்கொடையை எடுத்துக்குங்க. அலுவலகம் நடத்த, கணக்கு எழுத என்று நிர்வாகத்துக்கு அதிலே 50 சதவீதம் வரை செலவழிக்கலாம்னு இருந்தது. 2020-இல் சட்டத்தைத் திருத்தி 20 சதவீதமாக் குறைச்சாங்க. அது சரியா தப்பா என்கிற விவாதத்துக்கு நான் வரலே. ஒரே கேள்விதான்: டில்லியிலே ஒரு திருத்தம், எங்கோ ஒரு நிறுவனத்திலே லாபக் குறைவு, இதுக்கெல்லாம் நம்ம ஊர்க் குழந்தையோட படிப்பு ஆடலாமா? ஆடாம இருக்கணும்னா வேர் நம்ம ஊர் மண்ணிலே இருக்கணும்.

அப்படி வேர் விட்ட ஓர் ஊர், விருதுநகர். நாடார் சமூகத்தார் கோயிலுக்குள்ளே நுழையக் கூடாதுன்னு தடுக்கப்பட்ட காலம். 1897-இல் கமுதிக் கோயிலுக்குள்ளே போனதுக்காக அவங்க மேலே வழக்கு. அது லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1908-இல் அவங்களுக்கு எதிராகவே தீர்ப்பாச்சு. அதுக்காக உட்கார்ந்து அழுதாங்களா? ஒரு வள்ளல் வருவார்னு வழி பார்த்தாங்களா? வியாபாரம் பண்றவங்க சரக்குக்கு இவ்வளவுன்னு ‘மகமை’ போட்டாங்க. வீட்டிலே தாய்மார்கள், உலையிலே போடுற அரிசியிலே ஒரு பிடி எடுத்துத் தனியா வச்சாங்க. அதுதான் பிடி அரிசி! அந்தப் பிடி அரிசியிலே நடந்த பள்ளிக்கூடம்தான் சத்திரிய வித்தியாசாலை. கோயில் வழக்கிலே தோத்தாங்க, பள்ளிக்கூடத்திலே ஜெயிச்சாங்க! (பலத்த கைதட்டல்)

அந்தப் பள்ளியிலே படிச்ச ஒரு பையனைப் பத்தி நான் சொல்லணுமா? காமராஜர்! 1954-இல் முதலமைச்சர் ஆனாரு. 1956-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு. அதுவும் தொடக்கத்திலே எப்படி நடந்தது? ஊர் மக்கள் கொடுத்த நன்கொடையிலே நடந்தது. பிடி அரிசியிலே படிச்சவருக்குப் பிடி அரிசியோட பலம் தெரிஞ்சிருந்தது ஐயா!

இன்னொண்ணு சொல்லி முடிச்சுக்கிறேன், மணியிலே கை வச்சுட்டீங்க. பாரியை வள்ளல், வள்ளல்னீங்க. முல்லைக்குத் தேர் கொடுத்தவன், மறுக்கலே. அந்தப் பாரி போரிலே மாண்ட பிறகு என்ன ஆச்சு? அவனுடைய இரண்டு பெண் பிள்ளைகளை அழைச்சுக்கிட்டு, ஏத்துக்குங்கன்னு அரசர் வாசல்களிலே போய் நின்னாரே கபிலர்! ஊருக்கே கொடுத்தவன் பிள்ளைகளுக்கே அந்த நிலைமைன்னா, அவனை நம்பியிருந்த ஏழைப் பாணனுக்கு எந்த வாசல்? ஒரே ஒரு வள்ளலை நம்பியிருக்கிற தர்மம் எல்லாத்துக்கும் இந்த ஆபத்து உண்டு.

அது மட்டுமில்லை. கோடி கொடுத்தவர் வந்தா நாம எழுந்து நிக்கிறோம். ஒரு பிடி அரிசி போட்ட தாய் பள்ளிக்கூடத்துக்குள்ளே வந்தா, ‘ஏன் வாத்தியார் இன்னும் வரலே?’னு கேட்பா. அவளுக்கு அந்த உரிமை உண்டு. ஏழை, வாங்குகிற கையாக மட்டும் இருக்கிற வரைக்கும் அவன் குனிஞ்சுதான் நிக்கணும். அவனும் ஒரு பிடி கொடுத்தா நிமிர்ந்து நிக்கிறான். அறப்பணி தரவேண்டிய முதல் உதவியே அந்த நிமிர்வுதானே, நடுவர் அவர்களே!

ஆகவே, பெருஞ்செல்வர்கள் விளக்கு தரட்டும், வாழ்த்துவோம். ஆனால் அந்த விளக்கு அணையாமல் எரிவது, பேர் தெரியாத ஆயிரம் பேர் ஊற்றுகிற உழக்கு நெய்யாலேதான். எனவே அறப்பணிகள் நிலைத்து நிற்கப் பெரிதும் துணை நிற்பது சாதாரண மக்களின் சிறு பங்களிப்பே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.