தோல் வழியே புகும் நஞ்சு



பொருளாதாரம் பயின்றவனுக்குத் தோலைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று நீங்கள் வினவலாம். உழைப்பைக் கூலியாலும் நேரத்தாலும் அளக்கும் எங்கள் துறை, உழைப்பவனின் உடலைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதே என் விடை.

கோலார் தங்கவயலில், 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் தொடங்கிய பணி 2001 பிப்ரவரி 28-இல் முடிவுற்றது. அங்கு உழைத்தோருள் தமிழர் பெருந்தொகையினர்.

தோலின் மேலடுக்கு உயிரற்ற செல்களால் ஆனது. செங்கற்களிடையே சாந்து போலச் செல்களிடையே கொழுப்பு நிரம்பியுள்ளது. உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாக, இச்சுவரின் கனம் பெரும்பாலும் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். கொழுப்பில் கரையவல்ல சிறு மூலக்கூறுகள் இதனைக் கடந்துவிடும். மூலக்கூறு எடை 500-க்கு மேற்பட்டவை பெரும்பாலும் கடப்பதில்லை.

டைனமைட்டில் உள்ள நைட்ரோகிளிசரினின் எடை 227. வெடிகுச்சியை வெறுங்கையால் தொட்டோருக்குத் தலைவலி வருவது உலகச் சுரங்கங்கள் பலவும் அறிந்த செய்தி. அது தோல் வழியே குருதியில் கலந்து இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. சில நாள்களில் உடல் பழகிவிடும்; ஞாயிறு ஓய்வுக்குப்பின் திங்களன்று வலி மீண்டும் வரும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அத்தகைய வெப்பத்தில் வியர்வையில் ஊறிய தோல் மேலும் எளிதாக இடம் கொடுக்கும். இதே பொருளைப் பின்னாளில் ஒட்டுப்பட்டையில் வைத்து இருதய நோயாளிகளின் மார்பு வலிக்கு மருந்தாக்கினர். அதற்காக எந்தத் தொழிலாளிக்கும் உரிமத்தொகை கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை!

ஆலையிலோ சயனைடு. 1887-இல் கிளாஸ்கோவில் காப்புரிமை பெற்ற முறைப்படி, அரைத்த தாதுவிலிருந்து சயனைடு கரைசல் தங்கத்தைப் பிரிக்கிறது. நச்சு வாயு எழாதிருக்கச் சுண்ணாம்பு சேர்த்துக் காரத்தன்மையைக் காப்பர். அந்தக் காரமே தோலின் சாந்தை அரித்துச் சயனைடுக்கு வழி திறக்கிறது. காரம் குறைந்தாலோ ஹைட்ரஜன் சயனைடு உண்டாகும்; எடை 27 மட்டுமே உள்ள அதற்குப் புண்படாத தோலும் தடையன்று. 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட அட்டவணை, அப்பொருளுக்குக் காற்றில் உச்ச அளவு விதித்ததோடு ‘தோல்’ என்ற குறிப்பையும் இட்டது. காற்றை அளந்தால் மட்டும் போதாது என்பது அதன் பொருள்.

இது பழங்கதையன்று. அங்குள்ள 13 கழிவு மேடுகளில், சுமார் 3.3 கோடி டன் மண்ணிலிருந்து எஞ்சிய தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. பல்லாண்டு வெயிலில் கிடந்த மேட்டில் சயனைடு பெரும்பாலும் சிதைந்திருக்கும்; அதன் தூசியால் தோலைவிட நுரையீரலுக்கே கேடு மிகுதி. ஆனால் மீண்டும் சயனைடு முறையே கையாளப்படுமாயின், புதிய கரைசலும் அதில் நனையும் புதிய கைகளும் வரும்.

அப்போது திட்ட மதிப்பீட்டில் கழுவும் நீருக்கும், மாற்றுடைக்கும், கழுவும் நேரத்துக்கான கூலிக்கும் தனித் தலைப்பு வேண்டும். கையுறை வழங்கியதாகப் பதிவேட்டில் குறித்தால் போதும் என்று அலுவலர் சிலர் எண்ணுகின்றனர். உள்ளே கசிந்த கையுறை நஞ்சைத் தோலோடு அணைத்து வைக்கிறது. அது வெறுங்கையினும் கேடு. ஆகவே ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் கேட்க வேண்டியது, எத்தனை கையுறை என்பதை மட்டுமன்று. எத்தனை மணிக்கு ஒருமுறை மாற்றுவர், செலவை யார் ஏற்பர் என்பதையும்தான்.