மின்வண்டியும் செட்டிகுளத்துச் சுமையும்

2021 டிசம்பரில் லீற்றர் ஒன்று 121 ரூபாவுக்கு விற்ற டீசல், 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாவாயிற்று. அவ்விலையைக் கொடுக்க ஆயத்தமாக நின்றவர்க்கும் அது கிடைத்தபாடில்லை. இலங்கை முழுவதும் அவ்வாறிருக்க, செட்டிகுளம் மாத்திரம் விலக்காயிருக்குமா? உழவு இயந்திரம் உறங்கிற்று. லொறி வரிசையில் நின்றது. தோட்டத்து மரக்கறி வாடிற்று. டீசலின்றி ஓடும் வண்டி ஒன்று இருந்தால் என்ன என்ற எண்ணம் விவசாயியின் மனத்தில் வேரூன்றியது அக்காலத்திலேதான். சுமை ஏற்றும் மின்வண்டிகள் பற்றிய பேச்சு இன்று சந்தையிலும் தேநீர்க் கடையிலும் அடிபடுவதற்கு அதுவே மூலகாரணம்.

மின்வண்டி புதுமையன்று. கொழும்பு மாநகரில் 1953 முதல் 1964 வரை, மேலே செல்லும் கம்பியிலிருந்து மின்னைப் பெற்றுத் திறொலி பஸ்கள் ஓடின. இங்கிலாந்திலே வீடுதோறும் பாற்போத்தல் கொண்டுசென்ற வண்டிகளிற் பெரும்பாலானவை பற்றரியினால் இயங்கியவை. பெற்றோல் மலிந்திருந்த காலத்திலும் பால்வண்டிக்காரர் மின்னை விரும்பியதேன்? அவ்வண்டி செல்லும் வழி குறுகியது. நாள்தோறும் அதே வழி. நூறு இடத்தில் நின்று நின்று செல்லவேண்டும். இரவெல்லாம் கொட்டிலில் ஓய்ந்திருக்கும். இந்த நான்கு இயல்பும் எங்கே சேர்ந்திருக்கின்றனவோ அங்கே மின்வண்டி வெல்லும். செட்டிகுளத்திலே அதிகாலையில் வீடுவீடாகப் பால் சேகரிப்பவருடைய தொழிலும் இத்தகையதே. சந்தைக்கும் கடைக்கும் இடையே முச்சக்கர வண்டியிற் பொருள் ஏற்றுவோர் நிலையும் அதுவே.

டீசல் எஞ்சின் தான் உண்ணும் எரிபொருளின் சக்தியில் மூன்றிலொரு பங்கு அளவையே சில்லுக்குக் கொடுக்கிறது. எஞ்சியது வெப்பமாய்ப் போகிறது. மின்மோட்டாரோ பெற்றதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பித் தருகிறது. எண்ணெய் மாற்றுதல், வடிகட்டி மாற்றுதல் ஆகிய செலவுகளும் இல்லை. இந்தக் கணக்கைக் காட்டியே விற்பனையாளர் வண்டியை விற்கின்றனர். கணக்குப் பொய்யன்று, ஆனால் அது முழுக் கணக்குமன்று.

வீட்டு மின்மானியை நோக்குவோம். சாதாரண வீட்டுக் கட்டண முறையில், மாதத்துக்கு 180 அலகைத் தாண்டியவுடன் மிக உயர்ந்த விலைப்படி தொடங்குகிறது. சிறிய ‘பட்டா’ ரக வண்டி ஒன்றுக்கு இரவுக்கு 20 அலகு ஏற்றினால், மாதத்துக்கு 600 அலகு. விளக்கும் விசிறியும் மாத்திரம் உள்ள வீட்டுக்காரர் இதனால் ஒரே தாவலில் செல்வந்தர் படியில் ஏறிவிடுவார்! நேரவாரிக் கட்டண முறையில் இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை அலகின் விலை குறைவு. அந்த ஏழு மணி நேரத்தில், மூன்று கிலோவாற்று இணைப்பினால் 21 அலகு ஏற்றலாம். கணக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆகவே வண்டியின் விலையைக் கேட்குமுன் மின்மானியின் முறையைக் கேட்டறிதல் வேண்டும்.

அறுவடைக் காலம் வேறொரு சோதனை. மாசி, பங்குனியில் பெரும்போக நெல் வெட்டும்போது வண்டி பகலிரவாக ஓடவேண்டும். டீசல் வண்டி ஐந்து நிமிடத்தில் தாங்கியை நிரப்பிக்கொண்டு வயலுக்குத் திரும்பும். மின்வண்டி மணிக்கணக்காக நிற்கும். மேலே மழைமேகம் கூடும்போது அந்த மணிக்கணக்கு நெல்லின் விலையாகும். தம்புள்ளைப் பொருளாதார நிலையத்துக்கு மதவாச்சி வழியாகச் செல்வதற்கு நூறு கிலோமீற்றரை அண்டிய தூரம். சுமையோடு போய், இடையில் ஏற்றாது திரும்புவது சிறிய மின்வண்டிக்கு ஆகாது. பற்றரியின் பாரமும் உண்டு. 20 அலகு கொள்ளும் தொகுதி இரண்டு மூன்று நெல் மூடையின் நிறையாகும். எஞ்சின் இல்லாமையால் அதில் ஒரு பகுதி ஈடாகுமெனினும், வன்னி வெயிலின் வெப்பம் பற்றரியின் ஆயுளைக் குறைக்கும். பற்றரி தளர்ந்தால் வண்டியின் விலையிற் பெரும் பங்கே தளர்ந்துவிட்டது.

மின்சாரத்தை மாத்திரம் நம்புவதும் எளிதன்று. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின் தடைப்பட்டது. டீசல் இல்லாத அதே நாட்களில் மின்னும் இல்லை என்பதை மின்வண்டியைப் புகழ்வோர் மறந்துவிடுகின்றனர். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கினால் நேர்ந்த கோளாறு நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. புகையில்லா வண்டி என்பதும் பாதி உண்மையே. இரவில் ஏற்றும் மின்னில் நுரைச்சோலை நிலக்கரியின் பங்கும் கலந்திருக்கும்.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகல் மின்தேவை குறைந்தமையால், கூரைச் சூரிய மின்தொகுதிகளை நிறுத்திவைக்குமாறு உரிமையாளர்கள் கேட்கப்பட்டனர். நண்பகலில் மின் மிஞ்சுகிறது. வண்டியோ நண்பகலில் வீதியில் நிற்கிறது. இதை ஒழுங்குபடுத்தத் தனி விவசாயியால் இயலாது. கூட்டுறவுச் சங்கமொன்று தன் களஞ்சியக் கூரையிற் சூரியத் தகடு பதித்து, ஒரு மின்வண்டியும் வாங்கினால் இயலும். காலையிற் பால் ஏற்றிவந்த வண்டி பத்து மணி முதல் இரண்டு மணி வரை களஞ்சிய நிழலில் நின்று மின்னேற்றி, மாலையில் உழுந்தும் கச்சானும் ஏற்றிக்கொண்டு வவுனியாவுக்குப் புறப்படலாம். தம்புள்ளைக்கு டீசல் லொறியே போகட்டும்.

தனியாகக் கடன்பட்டு வாங்க நினைப்பவர், பற்றரிக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதையும், பழுதடைந்தால் திருத்துபவர் வவுனியாவில் இருக்கிறாரா, கொழும்பிலிருந்து வரவேண்டுமா என்பதையும் கைச்சாத்திடுமுன் எழுத்திற் பெற்றுக்கொள்வாராக.