பதிப்புரிமைக்குக் காவலர் யார்?



எழுதியவருக்குத் தம் எழுத்தின்மேல் உரிமை உண்டு. இதில் நமக்குள் கருத்து வேற்றுமை இல்லை. அவ்வுரிமையைக் காக்கும் பொறுப்பை இணைய இணைப்பு வழங்கும் நிறுவனங்களிடம் ஒப்படைக்கலாமா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட வினா.

2012ஆம் ஆண்டில் ‘3’ என்னும் தமிழ்த் திரைப்படத்தின் திருட்டுப்படிகளைத் தடுக்க வேண்டி, அதனைத் தயாரித்தோர் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினர். பெயர் அறியப்படாதோரையும் கட்டுப்படுத்தும் தடையாணை பிறந்தது. இணைப்பு நிறுவனங்களோ குற்றமுள்ள பக்கங்களை மட்டும் தேடிப் பிரிக்கவில்லை. விமியோ போன்ற தளங்களை முழுமையாகவே அடைத்துவிட்டன. தாமே எடுத்த குறும்படங்களை அங்கு வைத்திருந்தோருக்கும் வாயில் மூடப்பட்டது. தளம் முழுவதற்கும் அன்று, படம் உள்ள குறிப்பிட்ட முகவரிகளுக்கே தடை பொருந்தும் என்று அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இதன் காரணம் வெளிப்படை. காவல் பணி சுமத்தப்பட்ட வணிக நிறுவனம் வழக்குக்கு அஞ்சும்; ஐயம் எழுந்தாலே அடைத்துவிடும். மேற்கோள் எது, களவு எது என்று ஆராயும் தகுதி அதற்கு இல்லை.

புதுவையராகிய நமக்குப் பிரான்சின் பட்டறிவு அயலானதன்று. அங்கே 2009இல் ‘அதோபி’ சட்டம், எச்சரித்தும் திருந்தாத வாடிக்கையாளரின் இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணையத்துக்கு அளிக்க முற்பட்டது. இணையத்தை அணுகுவது கருத்துரிமையைச் சார்ந்தது. அதனைப் பறிக்கும் அதிகாரத்தை ஆணையத்துக்குத் தரலாகாது என்று அந்நாட்டு அரசியலமைப்பு மன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் நீதிபதியின் வழியே கொண்டுவரப்பட்ட துண்டிப்புத் தண்டனையும் 2013இல் நீக்கப்பட்டது.

அவ்வாறாயின், பெயர் நீக்கப்பட்டு உலவும் நம் கவிதைகளுக்குக் காப்பு எங்கே? 2012இல் திருத்தப்பெற்ற நம் பதிப்புரிமைச் சட்டம் ஒரு நெறி காட்டுகிறது. உரிமையாளர் எழுத்து மூலம் முறையிட்டால், படியை இடைக்காலமாகத் தாங்கி நிற்கும் நிறுவனம் அதனை 21 நாள் நிறுத்திவைக்க வேண்டும். அதற்குள் நீதிமன்ற ஆணை வராவிடில் மீண்டும் திறக்கலாம். முறையிடுபவர் உரிமையாளர், தீர்ப்பவர் நீதிபதி, நிறுவனம் வழி மட்டுமே. இதுவே முறையான பங்கீடு.

ஆயினும் 21 நாளுக்குள் நீதிமன்றப் படியேறுவது தனிக் கவிஞர்க்கு எளிதன்று. முறையீடு எழுதவும் வழக்கறிஞரை நாடவும் நம் வட்டம் துணை நிற்குமாயின், அதுவே இப்பத்தாம் ஆண்டில் நாம் மேற்கொள்ளத்தக்க நற்பணி. படைப்பாளியின் உரிமையைப் படைப்பாளிகள் காப்போம். படிப்பவரை வேவு பார்க்கும் வேலையை எவருக்கும் தர வேண்டா.