படிவம் கேளாத கேள்விகள்



வவுனியாவில் 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாகப் பம்பைமடுவில் நிற்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. வன்னிப் பெருநிலப்பரப்பில் கலைப்பீடம் இல்லை. தமிழை ஒரு பாடமாகப் படிக்க விரும்பும் பிள்ளை வன்னியை விட்டுத்தான் போகவேண்டும். கலைப்பீடம் கேட்டு நான் இங்கே வரவில்லை. இருக்கிற பீடங்களிலேயே தன்னைப் பற்றியும் தன் ஊரைப் பற்றியும் எழுதக் கற்பிக்கலாம் என்பதே என் பேச்சு.

2009இல் போர் முடிந்த பிறகு வன்னிச் சனம் சொன்ன அளவுக்குத் தன் கதையை வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். செட்டிகுளம் முகாமில் பதிவு. 2010 செப்டெம்பரில் கிளிநொச்சியில் நல்லிணக்க ஆணைக்குழு. 2014 ஜனவரியில் காணாமற்போனோர் பற்றி விசாரித்த பரணகம ஆணைக்குழு. பிறகு காணாமற்போனோர் அலுவலகம். இடையிடையே தொண்டு நிறுவனங்களின் படிவங்கள். பெயர், கிராம அலுவலர் பிரிவு, கடைசியாகக் கண்ட இடம், திகதி. தாய்மார் ஒரே பதிலை ஒரே ஒழுங்கில் சொல்லிச் சொல்லி, அந்த ஒழுங்கே மனதில் நின்றுவிட்டது. நீதி கேட்பதற்கு அந்தச் சொல்லல் வேண்டும். அதைக் குறைத்து மதிப்பிட நான் யார்? ஆனால் அதில் வரும் ‘நான்’ அதிகாரி கேட்ட கேள்விக்குள் அடங்கிய ‘நான்’. மாணவர் ஒருவர் தன்னைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தக் குரல்தான் முதலில் வருகிறது: பிறந்த ஊர், இடம்பெயர்ந்த ஊர்கள், கடைசிப் போர் நடந்த மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால். வாசித்த ஆசிரியர் கண் கலங்கிக் கூடுதல் புள்ளி போட்டுவிடுகிறார். எழுத்து அங்கேயே நின்றுவிடுகிறது.

இன்று இருபத்திரண்டு வயதில் இருப்பவர் 2009இல் ஐந்தாறு வயதுக் குழந்தை. அவர் தன் நினைவென்று எழுதுவதில் பாதி அம்மா சொன்னது, கொஞ்சம் பின்னாளில் கைபேசியில் பார்த்தது. ஆகவே இந்த எழுத்து வகுப்பின் முதற்பயிற்சி இதைப் பிரிப்பது: நான் கண்டது எது, கேட்டது எது, ஊகித்தது எது? பிரித்ததை மறைக்காமல் கட்டுரைக்குள்ளேயே எழுதச் சொல்லவேண்டும். அம்மா சொன்னதும் மாமா சொன்னதும் முரண்படுகிற இடத்தில்தான் நல்ல பக்கம் ஒன்று கிடைக்கும்.

இதற்கு விஞ்ஞான மாணவர் தகுதியற்றவர் என்பவர்களுக்குப் போரைப் பற்றிய ‘முறிந்த பனை’ என்ற நூலைக் காட்டுவேன். 1990இல் வந்த அந்நூலை எழுதிய நால்வரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள். ராஜினி திராணகம உடற்கூற்றியல், தயா சோமசுந்தரம் உளமருத்துவம், ராஜன் ஹூலும் கே. ஸ்ரீதரனும் கணிதம். கலைப்பீடத்தவர் ஒருவரும் இல்லை. நூல் வெளிவருமுன், 1989 செப்டெம்பர் 21இல், ராஜினி சுட்டுக் கொல்லப்பட்டார். நூலின் அரசியல் முடிவுகளோடு இன்றும் சண்டை பிடிப்பவர்கள் உண்டு, பிடிக்கட்டும். யார் சொன்னது, எப்போது நடந்தது என்று தேடிச் சரிபார்த்து எழுதும் பழக்கத்தை அதிலிருந்து படிக்கலாம்.

போர்க்காலத்தை எழுதிய பெண்களும் இருக்கிறார்கள். விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்த, பரந்தனைச் சேர்ந்த தமிழினி 2015 ஒக்டோபரில் இறந்தார். அவருடைய தன்வரலாறான ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ அடுத்த ஆண்டு வந்தது. அவர் யார் பக்கம் நின்று எழுதினார் என்பதிலேயே விவாதம் முடிந்துபோனது. எதை விரித்தார், எதை ஒரு வரியில் கடந்தார் என்று பார்ப்பதற்கு வகுப்பறை நல்ல இடம். தமிழ்க்கவி தன் போர்க்கால அனுபவத்தை ‘ஊழிக்காலம்’ என்ற நாவலாக எழுதினார். நாவல் என்ற பெயர் அயலவர்களுக்கும் ஒரு மறைப்பு என்று எனக்குப் படுகிறது. ஆனால் அறுபது வீடுள்ள ஊரில் பெயரை மாற்றினாலும் ஆளை மறைக்க முடியாது. யாரை எழுதலாம், யாரிடம் கேட்டு எழுதலாம் என்பது பாடத்திட்டத்தில் வரவேண்டிய விடயம்.

எல்லோரும் போரைத்தான் எழுதவேண்டுமா? 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கம்பசுக்குப் போகும் வயதில் இருக்கிறார்கள். கொழுந்து பறித்த கை வயல் வேலையை யாரிடம் பழகியது, காணி உறுதி இல்லாமல் எத்தனை போகம் விதைத்தார்கள், மூத்த குடிகள் அவர்களை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? எந்தப் படிவமும் இதைக் கேட்கவில்லை. கடைசிக் கேள்வி நம்மில் சிலருக்குச் சங்கடமாயிருக்கும். அதற்காகவே அதை எழுதச் சொல்வேன்.

பம்பைமடுவிலும் அறிவியல் நகரிலும் இந்த எழுத்துப் பயிற்சியை ஒரு விருப்பப் பாடமாக வைக்கலாம். சிங்கள மாணவரும் அங்கே படிக்கிறார்கள். அவரவர் மொழியில் எழுதட்டும். துயரத்துக்குப் புள்ளி இல்லை. சரியான விவரத்துக்கும், திருத்தி எழுதியதற்கும் புள்ளி. வகுப்பில் வாசிக்க விரும்பாதவரை வற்புறுத்தக்கூடாது. தாளையும் மாணவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பரீட்சைக் கிளை இதற்கு இலேசில் ஒத்துக்கொள்ளாது. மூதவை அதற்கொரு விதி செய்யட்டும்.