தேநீரைச் சுவைத்தறிதல்

நாள்தோறும் நாம் தேநீர் குடிக்கிறோம். ஆனால் அதைச் சுவைத்தறிகிறோமா? குடிப்பது பழக்கத்தால் வருவது. சுவைத்தறிவது பயிற்சியால் வருவது. அப்பயிற்சியைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

நான் வாழும் ஸ்ரீமதுரை, நீலகிரி மாவட்டத்தில் கூடலூரை அடுத்த சிற்றூர். வயலும் தேயிலையும் அருகருகே காணப்படும் ஊர் அது. இம்மாவட்டத்தில் சிறு நிலம் உடையோர் பலர் தேயிலை பயிரிடுகின்றனர். அவர்கள் பறித்த பச்சைத் தேயிலை தொழிற்சாலைக்குச் செல்கிறது; அங்கே தூளாகிறது. அத்தூளில் ஒரு பகுதி குன்னூர் ஏலத்திற்குப் போகிறது. 1963-ஆம் ஆண்டு தொடங்கிய அந்த ஏலம் இன்று மின்னணு முறையில் நடைபெறுகிறது. எனினும், தேநீரின் தரத்தைக் கண்டு சொல்வது இன்றும் மனிதனுடைய நாக்குத்தான். சுவைஞர் கூறும் ஒரு சொல் தூளின் விலையை உயர்த்தும், தாழ்த்தவும் செய்யும். தூளின் விலையை ஒட்டியே பச்சைத் தேயிலையின் விலையும் அமையும். எனவே, சுவைஞரின் நாக்கு நேர்மையாக இருத்தல் பல குடும்பங்களின் அடுப்பெரியும் செய்தியாகும்.

அவர் சுவைக்கும் முறை யாது? நூறு மில்லி லிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், ஊறும் நேரம் 6 நிமிடம் என்பது உலகத் தர நிறுவனம் 1980-இல் வகுத்த அளவு. வெண்பீங்கான் கோப்பையில் ஊறிய சாயத்தை ஒரு கிண்ணத்தில் வடிப்பர். சக்கையைத் தனியே வைத்து நிறமும் மணமும் பார்ப்பர். பின்னர் ஒரு கரண்டி சாயத்தைக் காற்றோடு சேர்த்து ஓசையெழ உறிஞ்சுவர். அவ்வோசை நாகரிகக் குறைவன்று. சாயம் நாவெங்கும் பரவவும், மணம் மூக்கின் உட்புறம் ஏறவும் அதுவே வழி. ஒரே நாளில் பல கோப்பைகளைச் சோதிக்க வேண்டியிருப்பதால், சுவைத்ததை விழுங்காமல் உமிழ்ந்துவிடுவர்.

நம் முன்னோர் அறுசுவையில் துவர்ப்பையும் எண்ணினார்கள். தேநீரை அறிய அச்சொல் மிகவும் பயன்படும். தேயிலையிலுள்ள சில பொருள்கள் உமிழ்நீரின் புரதங்களோடு பிணைகின்றன. அதனால் வாயின் வழவழப்புக் குறைந்து, நாக்கு சுருங்குவதுபோல் தோன்றுகிறது. இதுவே துவர்ப்பு. பால் சேர்த்தால் பாலின் புரதம் அப்பொருள்களைப் பிணைத்துக்கொள்ளும், துவர்ப்பும் மட்டுப்படும்.

தேநீருக்கு எவ்வுணவு பொருந்தும் என்பதும் இதிலிருந்தே விளங்கும். பால் விடாத தேநீரோடு உளுந்து வடை உண்டு பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துவர்ப்பு துடைக்கும். அடுத்த வாய் புதிதாகத் தோன்றும். மாவும் கொழுப்பும் சேர்ந்து மொறுமொறுவென்றிருக்கும் ஊட்டி வர்க்கி தேநீருக்கு உற்ற துணையாய் இருப்பதும் இதனால்தான். ஆனால், ஜிலேபி தின்றவுடன் குடித்தால், இனிப்பிட்ட தேநீரும் சப்பென்றிருக்கும். மேல்நாட்டாரும் இவ்வகைப் பொருத்தம் பார்ப்பதுண்டு. இத்தாலியின் கடற்கரையூர்களில் மீனுணவோடு இளம்புளிப்புள்ள வெண்திராட்சை மதுவை வைப்பர். வறுத்த மீன்மேல் நாம் எலுமிச்சை பிழிகிறோம் அல்லவா? காரணம் ஒன்றே, புளிப்பு எண்ணெய்ச் சுவையைத் தணிக்கும்.

இனி நீங்கள் செய்து பார்க்க ஒரு பயிற்சி. இரண்டு வகைத் தூள்களை வாங்குங்கள். ஒன்று உதகைப் பக்கத்து உயர்மலைத் தேயிலையாகவும், மற்றொன்று தாழ்ந்த பகுதித் தேயிலையாகவும் இருப்பின் நன்று. குளிர்ந்த உயரத்தில் தளிர் மெல்ல வளரும். அதன் தேநீரில் பெரும்பாலும் மணம் மிகும். எடை, நீர், நேரம் மூன்றும் இரண்டிற்கும் ஒன்றாக இருக்கட்டும். எது எக்கோப்பையில் உள்ளது என்பதை வேறொருவர் மட்டும் அறிந்திருக்கட்டும். சுவைத்தவுடன், நண்பர் வாய் திறக்குமுன் உங்கள் கருத்தைத் தாளில் எழுதுங்கள். 'நன்று' என்று மட்டும் எழுதுவதிற் பயனில்லை. மணமா, நிறமா, துவர்ப்பா, கசப்பா, எது மிகுதி, எது குறைவு என்று பிரித்தெழுதுங்கள்.

இதனால் நாக்கு மட்டுமன்றி மனமும் பழகும். பெட்டியின் அழகையும், விலையையும், பிறர் புகழ்ச்சியையும் ஒதுக்கிவிட்டு, கோப்பையில் உள்ளதை உள்ளபடி சொல்லும் துணிவு பிறக்கும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துப் பறித்த ஒருத்தியின் உழைப்புக்கு நாம் செய்யக்கூடிய மரியாதையும் அதுவே.